பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது

நீங்கள் சென்னைப் புறநகரில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. "அந்தக் காலத்துல அக்கம்பக்கம் எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று அம்மா ஃபோனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அது உண்மைதானா, இன்றைக்கும் அப்படி இருக்க முடியுமா, உதவப் போனால் உறவு வளருமா, தொல்லை வளருமா? இதுதான் உங்கள் கேள்வி. முப்பது வருஷம் ஒண்டுக்குடித்தனத்திலும், அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஃப்ளாட்டிலும் குப்பை கொட்டியவன் நான். அதில் ஆறு வருஷம் அசோசியேஷன் செயலாளராக எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

உங்கள் அம்மா சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் மறந்திருப்பார், அல்லது உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று விட்டிருப்பார்.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோரில், அதாவது பல குடித்தனங்கள் ஒண்டியிருந்த வீட்டில். ஏழு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு அடிபம்பு, கொல்லையில் இரண்டு கக்கூஸ். விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும். முதல் நாள் ராத்திரியே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். யாராவது குடத்தை நகர்த்திவிட்டால் அன்றைக்கு முழுக்க ஸ்டோரே அதிரும். கரண்ட்டுக்கு ஒரே மீட்டர். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கணக்குப் போடுவார், "அவங்க ஃபேன் ராத்திரி பூரா ஓடுது" என்று அதிலும் சண்டை. ஆனால் மறுநாள் காலையில் அதே பம்பை அதே இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்தாக வேண்டும். ஒருவர் அடிக்க, ஒருவர் குடம் பிடிக்க வேண்டும். கோபத்தை அதிகபட்சம் ஒன்றரை நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள வசதி கிடையாது.

ஃபோன் ஒரு வீட்டில்தான் இருந்தது. என் அக்கா கல்யாணப் பத்திரிகையிலேயே அந்த நம்பரைத்தான் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்தோம். உங்கள் வயதுக்கு இது தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டு ஃபோன், கூப்பிட்டால் வந்து பேசுவோம் என்று அர்த்தம். கெட்ட சேதி எல்லாம் அந்த வீட்டுக்கு முதலில் வரும். அந்த வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வருகிற விதத்திலேயே என்ன சேதி என்று தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜ் இன்னொரு வீட்டில். விருந்தாளி வந்தால் கிண்ணத்தோடு ஐஸ் வாங்க ஓடுவோம். ரசத்துக்குக் கொத்தமல்லி, திடீரென்று வந்த ஊசி பாசி விற்பவருக்குச் சில்லறை, இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்கு பெல்ட், எல்லாமே இரவல்தான்.

அன்றைய மனிதர்கள் நம்மைவிட நல்லவர்களாக இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏழு வீட்டிலும் ஏதோ ஒன்று இல்லாமல் இருந்தது. அதனால் கேட்டே தீர வேண்டியிருந்தது. கேட்டதால் கொடுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு எல்லோர் வீட்டுக்கும் ஃபோன் வந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது, இப்போது பத்து நிமிஷத்தில் கொத்தமல்லி வாசலுக்கு வருகிறது. வசதி வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாலு மணிக்கு எழுந்து பம்பு அடித்தவன் யாரும் அதற்காக ஏங்க மாட்டான். ஆனால் கேட்பதற்கான சாக்குகள் அத்தனையும் போய்விட்டன. அதனால்தான் எட்டு மாதம் ஆகியும் உங்களுக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டக் காரணம் கிடைக்கவில்லை.

இந்த இரவல் பழக்கத்துக்குத் தமிழில் மிகப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, வாங்கிய அளவே திருப்பிக் கொடுப்பது. ஒரு ஆழாக்கு உப்பு வாங்கினால் ஒரு ஆழாக்கு உப்பு. வள்ளுவர் இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பேசுகிறார். இல்லாதவனுக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை மாதிரிதான் என்கிறார். அறம் என்று பார்த்தால் சரி. ஆனால் புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாட்டு ஒன்று இருக்கிறது, 163ஆவது. வள்ளல் குமணனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு புலவர் வீட்டுக்கு வருகிறார். மனைவியிடம், உன்னை விரும்புகிறவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, உன் உறவுக்காரப் பெண்களுக்குக் கொடு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அதோடு, நம் வீட்டுப் பசி தீர உனக்கு நெடுங்காலமாகக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு என்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததே அக்கம்பக்கத்துப் பெண்கள் அளந்து கொடுத்த இரவலில்தான். புலவருக்கு அது தெரிந்திருந்தது. தொகுப்பில் இருக்கும் அத்தனை வீரத்துக்கும் நடுவில் எனக்கு அந்த ஒரு வரி போதும்.

எங்கள் ஸ்டோரில் அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. ஆனால் பழக்கம் இருந்தது, அதில் ஒரு நுணுக்கமும் இருந்தது. இரவல் வாங்கியதைச் சரியாக அதே அளவுக்குத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் கொஞ்சம் கோபுரமாகத் திரும்பும். பலகாரம் வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமனே கொடுத்தால் என் அம்மாவுக்கு மானம் போய்விடும். ஒன்றுமே இல்லாத நாளில் நாலு வாழைப்பழம், அதுவும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள். அந்தச் சர்க்கரை அவர்களிடம் போனதும் கணக்கு மறுபடி ஒரு பக்கம் சாயும். அடுத்த முறை அவர்கள் சாய்ப்பார்கள். யாருக்கும் எப்போதும் கணக்கு நேராகவில்லை, நேராக விடவும் இல்லை. கணக்குத் தீர்ந்தால் கதவு தட்டுவதற்குக் காரணம் தீர்ந்துவிடும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்களே, புள்ளி புள்ளியாக, அது எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? கல்யாணச் சீருக்கு மட்டுமில்லை. பாத்திரம் ஊர் சுற்றப் போகிறது, திரும்பி வரும்போது அடையாளம் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது, எதிர்போர்ஷன் பாட்டியின் பெயர் வெட்டியது. அந்தப் பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது. திருப்பித் தராதது எங்கள் தப்புத்தான்.

சரி, இன்றைய ஃப்ளாட்டுக்கு வருவோம்.

பக்கத்தில் இருப்பது எவ்வளவு வேலை செய்யும் என்பதை ஒரு பழைய ஆய்வு எண்ணிக்கையாகவே காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடும்பங்கள் குடியிருந்த வெஸ்ட்கேட் குடியிருப்பில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் இன்னும் இருவரும் செய்து 1950ல் வெளியிட்டது. ஒரே தளத்தில் அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். இரண்டு கதவு தள்ளி இருப்பவரைச் சொன்னவர்கள் 22 சதவீதம். தளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறும் 10. தூரம் என்னவோ சில பத்தடிதான். மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடிச் சிநேகிதமும் கூடுதல். அவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரி வாழ்க்கை. அதனால் அந்த எண்களை அப்படியே உங்கள் ஃப்ளாட்டுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் ஆட்கள் எதிர்ப்படும் இடத்தில்தான் பழக்கம் முளைக்கிறது என்பது நான் கண்ணால் பார்த்தது. எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் நாலு மாதம் ரிப்பேரில் கிடந்தபோது நடந்த அறிமுகங்கள் அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் நடக்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்பவரிடம் பேசாமல் எப்படிப் போவது?

இதே கணக்கு எதிராகவும் வேலை செய்யும். 1976ல் கலிஃபோர்னியாவில் ஒரு குடியிருப்பில் நடந்த ஆய்வில், பிடிக்காதவர்கள் யார் என்று கேட்டால் அவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள், சிநேகிதர்களைவிடவும் கிட்டத்தில். குப்பை, சத்தம், வண்டி நிறுத்துமிடம். காரணங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பெரும்பாலானவர்கள் "நான் என்ன உதவி செய்யட்டும்" என்று தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது படி. முதல் படி, நீங்கள் போய் ஒரு சின்ன உதவி கேட்பது. ஏணி இருக்கிறதா, ரெண்டு நாள் ஊருக்குப் போகிறோம் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா, இந்தப் பக்கம் நல்ல பிளம்பர் யார், இந்த அளவில். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னைப் பிடிக்காத ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் அரிய புத்தகம் ஒன்றை இரவல் கேட்டு அவரைச் சிநேகிதராக்கிக்கொண்ட கதையைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உங்களுக்கு ஒருமுறை உதவியவர் மறுமுறையும் உதவத் தயாராக இருப்பார் என்ற பழமொழி உண்மை என்று அதில் கண்டாராம். கேட்கிறவர் கொஞ்சம் கீழே இறங்குகிறார். கொடுக்கிறவருக்கு அதில் ஒரு கௌரவம். முதலிலேயே ஸ்வீட் பாக்ஸோடு போய் நின்றால், எதிராளிக்கு "இதுக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறது" என்ற சங்கடம்தான் முதலில் வரும். சிலருக்கு "எதுக்கு வந்திருக்கான்" என்ற சந்தேகமும்.

சின்ன உதவிக்கு இன்னொரு பலன் உண்டு. அது தகவல் தரும். இதை நான் புரிந்துகொண்டது 2015 டிசம்பரில்.

எங்கள் ஃப்ளாட் முடிச்சூர் ரோடு பக்கம். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ராத்திரி பத்து மணிக்குக் கார் பார்க்கிங்கில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர், விடிவதற்குள் தரைத்தளத்து வீடுகளில் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. கரண்ட் இல்லை, செல்ஃபோன் செத்துவிட்டது. தரைத்தளத்து நாலு குடும்பமும் முதல் மாடிக்கு ஏறின. அவர்களை யாரும் அழைக்கவில்லை, கதவுகள் திறந்திருந்தன, ஏறினார்கள். அதுவரை பார்க்கிங் தகராறில் ஒன்றரை வருஷமாகப் பேசாத இரண்டு வீடு அன்றைக்கு ஒரே ஹாலில் படுத்தது. காலையில் ஒருவர் சிலிண்டர், ஒருவர் ரவை.

மூன்றாவது மாடியில் தனியாக ஒரு பெரியவர், பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் அதிகம் பேச மாட்டார். அசோசியேஷன் கூட்டத்துக்கும் வர மாட்டார். பதினாறு வீட்டில் அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது, இரண்டாவது மாடிப் பெண் ஒருவரைத் தவிர. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவருடைய ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனபோது, ஒரு சின்ன டப்பாவோடு வந்து, "அம்மா, இதை ரெண்டு நாள் உங்க ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கிறீங்களா, இன்சுலின்" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பழக்கம். வெள்ளத்தின் இரண்டாவது நாள் மத்தியானம் அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று அது ஞாபகம் வந்தது. "மேல தாத்தாவுக்கு ஊசி மருந்து இருக்கே, கரண்ட் இல்லையே" என்று கோடைக்கு வாங்கிய மண்பானையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். டிசம்பர் குளிருக்கு அந்தப் பானை அவசியமே இல்லை என்று பிற்பாடு தெரிந்த டாக்டர் ஒருவர் சிரித்தார். ஆனால் அந்தப் பெண் போய்ப் பார்த்தபோது பெரியவர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்து, முதல் நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடாமல், ஊசி போடலாமா வேண்டாமா என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கீழே வந்து யாரிடமும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பழக்கமில்லாதவர்களிடம் எப்படிக் கேட்பது என்றாராம்.

1995 ஜூலையில் சிகாகோவில் வெயிலுக்கு 739 பேர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தார்கள். நிறையப் பேர் தனியாக இருந்த முதியவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் ஏராளம். ஆனால் நார்த் லான்டேலில் சாவு அதிகம், சவுத் லான்டேலில் மிகக் குறைவு. பின்னதில் கடைத்தெரு உயிரோடு இருந்தது, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது, கிழவர்கள் வெளியே வந்து போனார்கள். வராதவரை யாராவது கவனித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த மண்பானைதான் ஞாபகம் வந்தது. யார் வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று நாலு பேருக்குத் தெரிந்திருப்பது, அதுதான் அக்கம்பக்கம் என்பதன் பெரும்பகுதி. அந்தத் தகவல் ஃபாரம் நிரப்பி வாங்கினால் வராது. நாங்கள் வெள்ளத்துக்கு அப்புறம் 'அவசர விவரப் படிவம்' ஒன்று அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தோம். மூன்று பேர் நிரப்பித் தந்தார்கள்.

தொல்லை வளருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வளரும், சும்மா சமாதானம் சொல்ல மாட்டேன். ஏணி வாங்கிப் போனவர் அதைத் தன் பால்கனியிலேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். என் சொந்த விதிகள் இரண்டு. ஒன்று, பணம். கைமாத்தாக ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்தால் அது திரும்பி வராது என்று முடிவு செய்துகொண்டே கொடுப்பேன். அதற்கு மேல் கேட்டால் சிரித்துக்கொண்டே இல்லை என்பேன். இரண்டு, ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. உதவியில் வரும் தொல்லையைவிட வம்பில் வரும் தொல்லை பத்து மடங்கு.

அப்புறம் பாத்ரூம் ஒழுகல். ஃப்ளாட் வாழ்க்கையில் உறவை முறிப்பதற்கு அதற்கு இணையாக எதுவும் கிடையாது. மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்கும். மேல்வீட்டுக்காரர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, அவர் பாத்ரூம் பளிச்சென்று இருக்கும். கீழ்வீட்டுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஃபோட்டோ போடுவார், அந்த நிமிஷம் விஷயம் கெட்டுப்போகும். பதினாறு வீடு பார்க்க ஒருவர் குற்றவாளியாக நிற்கும்போது யார் ஒத்துக்கொள்வார்? நான் செயலாளராக இருந்தபோது செய்ததெல்லாம் ஒன்றுதான். குழுவில் எழுதாமல் மேல்வீட்டுக்காரரை நேரில் கீழே கூட்டிவந்து, காப்பி கொடுத்து, சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கையில் ஈரம் பட்டால் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள். மீதிப் பாதிப் பேர் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வழக்கு இன்னும் நடக்கிறது.

அம்மா சொல்லாமல் விட்ட மீதிப் பாதி என்றேனே, அது இதுதான். எங்கள் ஸ்டோரின் ஏழு குடித்தனமும் வீட்டுக்காரர் "நம்மவங்களா" என்று விசாரித்து வைத்தவர்கள். அந்தக் கோபுரமான சர்க்கரை டம்ளர் அந்தச் சுற்றுக்குள்தான் சுற்றியது. கொல்லைப்புறமாக வந்து கக்கூஸ் கழுவிய பெண்ணுக்கு மிச்சத்தைத் தூக்கித்தான் ஊற்றினார்கள், அவள் பாத்திரத்தைத் தொடாமல். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களைப் பார்த்து எழுதிய அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச்சும் இதையே சொல்கிறார். ஊர்க்கட்டு வலுவாக இருந்த இடத்தில் நிவாரணம் சீக்கிரம் வந்தது, ஆனால் அந்தக் கட்டுக்கு வெளியே இருந்த தலித்துகளும் வேறு பலரும் விடுபட்டார்கள். அதனால் அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று என்னால் மனதாரச் சொல்ல முடியாது. ஃப்ளாட்டிலும் 'சைவம் மட்டும்' என்று வாடகைக்குப் போர்டு மாட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் பேங்க் லோன் சாதி பார்த்து வீடு ஒதுக்குவதில்லை, அதனால் எங்கள் பதினாறு வீட்டில் நோன்புக் கஞ்சியும் வருகிறது, கிறிஸ்துமஸ் கேக்கும் வருகிறது, கொலுச் சுண்டலும் போகிறது. என் அம்மாவின் ஸ்டோரில் இது நடந்திருக்காது.

உங்களுக்கு யோசனை என்று கேட்டால்: இந்த வாரம் கதவைத் தட்டி ஏணியோ ஸ்க்ரூ டிரைவரோ கேளுங்கள். வீட்டில் இருந்தாலும் கேளுங்கள், இந்தப் பொய்க்குப் பாவம் கிடையாது. பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரைக் கேளுங்கள். மறுநாளே திருப்பிக் கொடுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், வீட்டில் செய்தது எதுவோ அது. அவர் கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டு மூடிவிட்டால் மனதைத் தளரவிடாதீர்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் முதல் ஒரு வருஷம் அப்படித்தான் வாங்கினார். இப்போது அவர்கள் வீட்டு டப்பர்வேர் டப்பா ஒன்று பத்து நாளாக எங்கள் சமையல் மேடையில் உட்கார்ந்திருக்கிறது. மாவடு ஊறி முடியட்டும் என்று என் மனைவி வைத்திருக்கிறாள்.